கரையில் மணி என்ன?

“ராசு அண்ணே, திரும்புங்க! அங்கிட்டுப் போகாதீங்க! திரும்புங்க!”

அமுதவல்லி வயர்லெஸ் மைக்கின் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். கரகரப்பு. மறுபடி அமுக்கினாள்.

“கரை பேசுறேன். ராசு அண்ணே, கேக்குதா? நான் சொன்ன இடம் தப்பு. ஆனந்தராஜ் அங்க இல்ல. போகாதீங்க!”

கரகரப்புதான் பதில்.

பின்னால் ஆவுடையாள் நின்றுகொண்டிருந்தாள். ஆனந்தராஜின் அக்கா. மீன் ஏலம் நடக்கிற இடத்திலிருந்து போட்டது போட்டபடி ஓடி வந்தவள். முந்தானை இன்னும் இடுப்பில் செருகியபடியே இருந்தது. முழங்கை வரை நண்டு வாடை.

“ஏம்மா, இப்பத்தானே ‘பச்சை எரியுது, ஒங்க தம்பி பத்திரமா இருக்காரு’ன்னு சொன்னே? அதுக்குள்ள எப்படி இல்லாமப் போவான்?”

“அந்தப் பச்சை பொய்க்கா.”

“பொய் சொல்றதுக்கா இம்புட்டுப் பெரிய மெஷினு வாங்கி வச்சிருக்கீங்க?”

அமுதவல்லி போனை எடுத்துத் திருச்சிக்கு அடித்தாள்.

*

மீமிசலில் ஐஸ் கம்பெனியின் மாடியில் ஒற்றை அறை. கீழே நாள் முழுக்க ஐஸ் உடைபடும் சத்தம். மேலே அமுதவல்லி. சுற்றுவட்டாரத்து நாட்டுப்படகுகள் ஒவ்வொன்றிலும் சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி உண்டு. நேரத்தையும் இடத்தையும் குறித்து அது அவ்வப்போது சிக்னல் அனுப்பும். திரையில் ஒரு புள்ளி தெரியும். சமீபத்தில் சிக்னல் வந்திருந்தால் பச்சை. ஒரு மணி நேரமாக வரவில்லையென்றால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் ஆள் அனுப்பித் தேடச் சொல்வது அவள் வேலை.

விடியற்காலையில் படகுகள் கிளம்பும்போது ஒவ்வொன்றும் வயர்லெஸ்ஸில் ஆஜர் சொல்ல வேண்டும். அதற்கு அரை மணி நேரம். பிறகு லைன் தானாக மூடிக்கொள்ளும். அப்புறம் ஆபத்து என்றால்தான் திறக்கும். படகுக்காரர்கள் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. அவர்களுக்கு அவள் வெறும் ‘கரை’. ‘கரை, கரை, கேக்குதுங்களா?’ என்பார்கள். ‘கேக்குதுங்க’ என்பாள். அவ்வளவுதான் அவளுக்கும் ஊருக்கும் உள்ள பேச்சு. மற்றபடி வாடகை அறை, பார்சல் சாப்பாடு, சொந்த ஊர் அரிமளத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் சாவி.

இன்று காலை கரண்ட் போனது. மின்வாரியப் பராமரிப்பு. ஐஸ் கம்பெனிக்கு ஜெனரேட்டர் இருக்கிறது. மாடிக்கு ஒரு ஒயர் கேட்டால் மேனேஜர் சிரிப்பார். “ஐஸ் உருகிப் போகும் மேடம். ஒங்க கம்ப்யூட்டர் உருகிறாதுல்ல?”

பேட்டரி இருந்தவரை ஓடியது. தீர்ந்ததும் சர்வர் தன்னைத் தானே தூங்க வைத்துக்கொண்டது. வயர்லெஸ்ஸும் செத்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிற்பகலில் கரண்ட் வந்தது. திரை எரிந்தது. எல்லாப் புள்ளிகளும் பச்சை. அப்பாடா என்றிருந்தது.

அப்போதுதான் ஆவுடையாள் மாடியேறி வந்தாள். நண்டுக்குப் போன படகெல்லாம் வந்துவிட்டது, தம்பி படகை மட்டும் காணோம் என்றாள். அமுதவல்லி பச்சைப் புள்ளியைத் தொட்டுக் காட்டினாள். தெற்கே, கரைக்குக் கிட்டத்தில்தான். எஞ்சின் மக்கர் பண்ணியிருக்கும் என்றாள். ஜன்னல் வழியே, கீழே நின்ற படகுக்காரர் ராசுவைக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னாள். ராசு கையிலிருந்த பீடியைக் கீழே போட்டுவிட்டுப் படகைக் கிளப்பினார்.

அவர் படகு கண்ணுக்கு மறைந்த நேரத்தில் பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னார்கள்.

அமுதவல்லி சும்மா திரையின் மூலையைப் பார்த்தாள். அங்கே ஒரு சின்னக் கடிகாரம் இருக்கும்.

பதினொன்றே கால் என்றது.

அடுத்த விநாடி புள்ளிகளைப் பார்த்தாள். முதல் தடவையாக மற்றப் படகுகளின் நிறத்தை விட்டுவிட்டு இடத்தைப் பார்த்தாள். ராசுவின் படகு நடுக்கடலில் பச்சையாக நின்றது. சற்றுமுன் ஜன்னலுக்குக் கீழே பீடி பிடித்துக்கொண்டிருந்த ராசு!

*

“அக்கா, என்னக்கா அதிசயமா போன் பண்றீங்க?” திருச்சியிலிருந்து பிரசாந்த். சர்வரை அமைத்துக் கொடுத்தவன். வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தான்.

“பிரசாந்த், படகு ரூமோட கடிகாரம் பதினொண்ணே கால் காட்டுது.”

மெல்லுவது நின்றது.

ரூம் என்று அவர்கள் சொல்வது நிஜ அறையை அல்ல. இருப்பது ஒரே ஒரு மெஷின். அதற்குள் மூன்று தனித்தனி சர்வர்கள் இருப்பதுபோல் சுவர் எழுப்பி வைத்திருந்தான் பிரசாந்த். ஒன்று ஐஸ் கம்பெனிக் கணக்கு. ஒன்று காமிரா. மூன்றாவது படகுகள். ஒவ்வொன்றும் தான் மட்டும்தான் உலகத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். படகு ரூமுக்கு இண்டர்நெட்டும் கிடையாது. எவனாவது உள்ளே புகுந்து படகுகளை இல்லாத இடத்தில் காட்டிவிடக்கூடாது என்பதற்காக நாலு பக்கமும் அடைத்து வைத்த ரூம். வெளியே மணி என்ன என்று கேட்கக்கூட அதற்கு வழியில்லை.

அதற்காகவே உள்ளே ஒரு சின்னச் சேவை ஓடும். மொட்டைமாடி ஆன்டெனா சாட்டிலைட்டிலிருந்து மணியைப் பிடித்துத் தரும். அந்தச் சேவை ஓயாமல் அதைக் கேட்டுக் கேட்டு ரூமின் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். அது நின்றால் ரூமுக்கு உலகமே நின்ற மாதிரி.

“அக்கா, மெஷின் தூங்கி எந்திரிச்சா ரூம் தூங்கப்போன நிமிஷத்துலயேதான் கண்ணு முழிக்கும். நடுவுல போன நேரம் அதுக்குத் தெரியாது. ஆனா டைம் சர்வீஸ் ஓடுச்சுன்னா ஒரே நிமிஷத்துல பிடிச்சுக்கும். அது ஓடுதா பாருங்க.”

“ஓடல.”

“பார்த்துச் சொல்லுங்கக்கா.”

“ஓடல பிரசாந்த். நின்னுபோயிருக்கு.”

“யாரு நிறுத்தினது?”

“அதெல்லாம் அப்புறம். இப்ப ஓட விடணும்.”

அவளே கமாண்டை அடித்தாள். சேவை எழுந்தது. ஆன்டெனாவிடம் மணி கேட்டது. அப்படியே மறுபடி விழுந்து செத்தது.

“நிக்க மாட்டேங்குது!”

“நிக்காதுக்கா. வித்தியாசம் கால் மணிக்குக் கொஞ்சம் கூட இருந்தாலே, இது ஏதோ ஏமாத்து வேலைன்னு நெனச்சு அதுவே வெலகிக்கும். இங்க மணிக்கணக்குல இருக்கு. முரட்டுத்தனமாத்தான் தள்ளணும். நான் சொல்றதை அப்படியே அடிங்க.”

அடித்தாள். ஒரு எழுத்துத் தப்பியது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். ஆவுடையாள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவள் மூச்சு அமுதவல்லியின் கழுத்தில் பட்டது.

கடிகாரம் குதித்தது.

பதினொன்றே கால் சொச்சத்திலிருந்து ஒரே தாவலாக நாலு மணியைத் தொட்டது. திரையில் இருந்த அத்தனை புள்ளிகளும் ஒன்றாகச் சிவந்தன.

“ஆத்தாடி!” என்றாள் ஆவுடையாள். “என்னம்மா இது, ஊரே போச்சா?”

“இல்லக்கா. மத்த எல்லாரும் கரையிலதான் இருக்காங்க. இதுக்குத்தான் தெரியல.” போனைப் பார்த்துக் கத்தினாள். “பிரசாந்த், கரண்ட் இல்லாதப்ப வந்த சிக்னலெல்லாம் எங்க போச்சு?”

“ஆன்டெனாப் பெட்டி சோலார்ல ஓடுது, அது பிடிச்சு வச்சிருக்கும். ரூம் முழிச்சதும் மொத்தமா கொடுத்திருக்கும். ஆனா ரூமுக்கு அப்ப மணி பதினொண்ணு சொச்சம். மூணு மணின்னு சொல்ற சிக்னலை எப்படி நம்பும்? இன்னும் வராத நேரத்துல இருந்து எவனோ பேசுறான்னு ஓரமா ஒதுக்கி வச்சிருக்கும்.”

“எங்க?”

“சந்தேகக் கேஸ்னு ஒரு ஃபோல்டர். அதைத் திறங்க.”

திறந்தாள்.

கொட்டியது. எல்லாப் படகும். கரைக்கு வந்தது, கட்டியது, ஐஸ் ஏற்றியது எல்லாம். ஆனந்தராஜின் படகை மட்டும் பிரித்தாள். வரிசையாக இடங்கள் வந்தன. முதலில் தெற்கே. அப்புறம் கிழக்கே. இன்னும் கிழக்கே. எஞ்சின் ஓடும் படகு அப்படிப் போகாது. அது மிதந்து போகிற போக்கு.

நடுவில் ஒரு வரி வேறு நிறத்தில் இருந்தது.

அடுத்தும் ஒன்று. அதற்கடுத்தும்.

கருவியில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஆபத்து என்றால் அமுக்கச் சொல்லிக் கொடுத்தவளே அமுதவல்லிதான். ஆனந்தராஜ் அதை அமுக்கியிருந்தான். திரும்பத் திரும்ப அமுக்கியிருந்தான். ஒவ்வொரு தடவையும் ரூம் அதை நம்பாமல் ஓரமாக எடுத்து வைத்திருந்தது.

கடைசி சிக்னல் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

“கருவி ஏன் நின்னுச்சு?” ஆவுடையாளின் குரல் இப்போது வேறாக இருந்தது.

தண்ணீருக்குள் போனால்தான் நிற்கும். அமுதவல்லி பேச்சை மாற்றினாள்.

“காத்து எப்படிக்கா இருக்கு?”

“கச்சான். காலையில இருந்து ஒரே கச்சான். எல்லாத்தையும் கிழக்கத்தான் தள்ளும்.” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். “ராசு தெக்கேல்ல போயிருக்கான்!”

*

“ராசு அண்ணே, கரை பேசுறேன்…”

கரகரப்பு.

எஞ்சின் ஓடும்போது அவருக்குக் காது கேட்காது. ஊருக்கே தெரிந்த விஷயம். கடலோரக் காவல் படைக்கு போன் போட்டாள். இடம் சொன்னாள். படகு கிளம்புகிறது என்றார்கள். ஆனால் அவர்கள் வரவேண்டியது தூரத்திலிருந்து. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டிவிட்டால் கடலில் ஒரு தலை தெரியாது.

“இங்கிட்டுக் குடு அதை.” ஆவுடையாள் மைக்கைப் பிடுங்கினாள். “ஏலே ராசு! செவிட்டுப் பயலே! ஒன் எஞ்சினை நிறுத்துடா! ஏலே!”

மைக் வேண்டியதே இல்லை என்று தோன்றும் குரல். கீழே ஐஸ் உடைப்பவர்கள் கையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள்.

கரகரப்பு. இன்னும் கரகரப்பு.

பிறகு, எதிர்பாராத நேரத்தில்:

“கரை, கரை. இங்கன ஒண்ணுமே இல்லையேம்மா. எஞ்சினை நிறுத்திட்டுப் பாக்குறேன். வெறும் தண்ணி.”

அமுதவல்லி மைக்கை வாங்கினாள். கடைசி இடத்தைச் சொன்னாள். அங்கிருந்து காற்றோடு கிழக்கே எவ்வளவு தள்ளிப் போயிருக்கும் என்பதையும் சொன்னாள். ராசு “போறேன்” என்றார். எஞ்சின் சத்தம் பெருத்து, அவர் குரலை மூடிக்கொண்டது.

இனி காத்திருப்பதுதான்.

ஆவுடையாள் தரையில் உட்கார்ந்தாள். இருக்கிற ஒரே நாற்காலியை அமுதவல்லி தள்ளினாள். ஆவுடையாள் வேண்டாமென்று கையாட்டினாள். ஜன்னலுக்கு வெளியே உப்பளங்கள் வெளுத்துக் கிடந்தன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மீன் வண்டி போயிற்று.

“எங்களுக்கு ஆத்தா அப்பன் கிடையாது” என்றாள் ஆவுடையாள், யாரிடமோ சொல்வதுபோல. “நான்தான் வளத்தேன். கூட ஒரு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போடான்னு படிச்சுப் படிச்சுச் சொல்லுவேன். கேக்க மாட்டான். தனியாத்தான் போவான். ஏன்டா பயமா இல்லையாடான்னா, கரையில ஒரு அம்மா இருக்குக்கா, அது பாத்துக்கிரும்பான்.”

அமுதவல்லி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது சிரிச்சுக்கிட்டே பேசுற அன்னிக்கு நண்டு நல்லாப் படுமாம். இப்படிப் பைத்தியக்காரத்தனமா எதையாச்சும் சொல்லுவான். நான் ஒன்னயக் கெழவின்னுல்ல நெனச்சேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். “வயசு அப்படி ஒண்ணும் ஆகலையே ஒனக்கு.”

“ஒங்க தம்பி என்னைப் பாத்ததில்லக்கா.”

“நீயும் பாத்ததில்லையா?”

“இல்ல.”

“நல்ல கூத்து” என்றாள் ஆவுடையாள். சிரிக்க வாயெடுத்தாள். அது அழுகையாகத்தான் வந்தது. அமுதவல்லிக்கு அவள் தோளைத் தொடவேண்டும்போல் இருந்தது. ஆனால் எந்த உரிமையில் தொடுவது? கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு சிவந்தது. வயர்லெஸ்ஸில் கரகரப்பைத் தவிர ஒன்றுமில்லை.

பிரசாந்த் இரண்டு தடவை கூப்பிட்டான். இரண்டு தடவையும் எடுக்கவில்லை.

“கரை, கரை.”

இருவரும் எழுந்து நின்றார்கள்.

“கவுந்த படகு ஒண்ணு தெரியுது. கிட்டப் போறேன்.”

ஆவுடையாள் அமுதவல்லியின் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

“மேல ஆள் கிடக்கான். நண்டு வலைக் கயித்தால தன்னைக் கட்டிப் போட்டிருக்கான்.”

“உயிர்?” அமுதவல்லி மைக்கை உதட்டருகே இழுத்து மறுபடி கேட்டாள். “அண்ணே, உயிர் இருக்கா?”

கரகரப்பு. நீண்ட கரகரப்பு.

“இருக்கும்மா. கண்ணு முழிச்சுப் பாக்குறான். கால்ல நல்லா அடி. ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க.”

*

கரையில் ஊரே திரண்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி நாலு பேர் அவனைத் தூக்கி வந்தார்கள். உதடு உப்புப் பூத்திருந்தது. அமுதவல்லி நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். காது ஓரத்தில் நரை. அவளைத் தாண்டித்தான் தூக்கிப் போனார்கள். கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தான். கூட்டத்தில் நிற்கும் யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். வாயைத் திறக்கவில்லை.

ஆவுடையாள் ஆம்புலன்ஸுக்குள் ஏறித் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஊழியர் அவன் காலில் கட்டுப்போட ஆரம்பித்தார். பின்கதவு திறந்திருந்தது.

அமுதவல்லியின் போன் அடித்தது. சென்னையிலிருந்து சொக்கலிங்கம். ஐஸ் கம்பெனி முதலாளி. படகுத் திட்டமும் அவர் கைக்காசுதான். எடுத்தாள். கூட்டத்தின் இரைச்சலில் காது கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஆள் பொழைச்சிட்டானாமே, அந்த மட்டும் நல்லது. பிரசாந்தும் லைன்ல இருக்கான். இப்ப எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். கடிகாரத்தைத் திருத்துற அந்தச் சேவை எப்படி நின்னுச்சு?”

“சார், நான் தொடவே இல்ல சார்” என்றான் பிரசாந்த்.

“போன வாரம் மீமிசல் போய்க் கை வச்சது நீதானே? வெளியில இருந்து அந்த ரூமுக்குள்ள யாரும் போக முடியாதுன்னு சொன்னவனும் நீதான். அப்ப பேயா வந்து நிறுத்துச்சு? ஒரு உயிர் போகப் பாத்துச்சு தம்பி. நாளையில இருந்து நீ வரவேண்டாம்.”

“சார், பிள்ளை பொறந்து ஒரு மாசம்கூட ஆகல சார்…”

“அதை வேலை செய்யிறப்ப நெனச்சிருக்கணும்.”

பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்தார்கள். ராசு ஈர வேட்டியோடு அருகில் வந்து நின்றார்.

“பிரசாந்த் நிறுத்தல சார்” என்றாள் அமுதவல்லி.

“பின்ன?”

“நான்தான் நிறுத்தினேன்.”

ஆம்புலன்ஸுக்குள் ஆவுடையாளின் தலை திரும்பியது.

“என்னம்மா சொல்றீங்க? எப்ப?”

“இன்னிக்கு விடியக்காலம். தினமும் நிறுத்துவேன் சார். நிறுத்திட்டு ரூமோட கடிகாரத்தைக் கொஞ்சம் பின்னால தள்ளி வைப்பேன். ஆஜர் முடிஞ்சு லைன் மூடினதும் திரும்ப ஓட விட்ருவேன். இவ்வளவு நாளா ஒண்ணும் ஆனதில்ல. இன்னிக்கு ஓட விட மறந்துட்டேன். அதுக்குள்ள கரண்ட் போயிருச்சு.”

“நல்லா ஓடுற கடிகாரத்தைப் பின்னால தள்ளுவானேன்? யாராச்சும் சொன்னாங்களா?”

“இல்ல சார்.”

“அப்புறம் எதுக்கு?”

ஊழியர் கட்டுப்போடுவதை நிறுத்தியிருந்தார். படுத்திருந்தவன் கழுத்தைச் சிரமப்பட்டுக் கதவுப் பக்கம் திருப்பினான்.

“லைனை மூடுறது அந்தக் கடிகாரம்தான் சார், பின்னால தள்ளி வச்சா இன்னும் கொஞ்ச நேரம் தெறந்திருக்கும். கடைசியா ஆஜர் சொல்றது இவருதான், ஆனந்தராஜ். சொல்லிட்டு, ‘சாப்டீங்களா’ன்னு கேப்பாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள லைன் மூடிக்கும்.”